‘கா’ என்று எழுதிய டப்பா: ஒரு வீட்டுச் சேகரிப்பின் சுறாப் பற்களை அடையாளம் கண்ட நிகழ்வு

பின்னணி

சேகரிப்பாளர் பெரம்பலூர் மாவட்டத்தில் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நிகழ்வின்போது அவருக்கு வயது 78. வலக்கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இடக்கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. பழைய வீட்டை இடித்துக் கட்ட ஏற்பாடாகியிருந்ததால், பரணில் இருந்த டப்பாக்களை என்ன செய்வது என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டார். “எல்லாம் சுறாப் பல் என்கிறார் அப்பா. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். எது என்ன பல் என்று மட்டும் எழுதித் தந்தால் போதும், சார்.”

நான் கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். படிவுப் பாறைகள் என் துறை. பற்களைப் பற்றி நான் அறிந்தது பாடப்புத்தக அளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். ஏழு மாதம் ஆயிற்று.

அந்த வட்டாரத்தில் சுறாப் பல் கிடைப்பது வியப்பில்லை. குளக்காநத்தத்தை அடுத்த காரையில், மழை அரித்து அரித்துச் செடிகொடி இல்லாமல் போன களிமண் பொட்டல் ஒன்று பரந்து கிடக்கிறது. கிரிட்டேசியஸ் காலத்தில், இன்றைக்குச் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அது கடலின் அடித்தளம். அம்மோனைட், பெலம்நைட் போன்ற கடல் உயிர்களின் எச்சங்கள் அங்கே காலடியில் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். காரைப் படிவம் அவற்றுள் மிகப் பழையதான ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. புதுச்சேரிப் படிவுகளில் கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டிய மீன் எச்சங்களை எகர்ட்டன் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் 1845-இல் விவரித்திருக்கிறார். ஆக, இந்தப் பக்கத்துச் சுறாப் பல் அறிவியல் ஏடுகளில் ஏறி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது பெரும்பாலும் மட்கிப்போகும். பல் அப்படியல்ல, உறுதியான பாஸ்பேட் கனிமத்தால் ஆனது. அதோடு சுறா வாழ்நாள் முழுவதும் பல்லை உதிர்த்துக்கொண்டும் புதிதாக முளைக்க வைத்துக்கொண்டும் இருக்கும். ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். அதனால்தான் சுறாவே கிடைக்காத இடத்தில் அதன் பல் கிடைக்கிறது.

முதல் நாள் பார்த்தது

பிஸ்கட் டின்கள், தீப்பெட்டிகள், கேமரா ஃபிலிம் சுருள் வைக்கும் கறுப்பு டப்பிகள், மாத்திரைப் புட்டிகள் என்று மொத்தம் 38 கலங்கள். சிலவற்றில் துண்டுச்சீட்டு இருந்தது. சிலவற்றின் மூடியில் பேனாவால் சுருக்கெழுத்து. இவை தவிர ஒரு நோட்டுப் புத்தகம். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே மகள் ஆறு டப்பாக்களைத் திறந்து, தூசி தட்டுவதற்காக எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் தட்டில் கொட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தொலைபேசியில் பேசியபோது “ஒன்றையும் கலக்க வேண்டாம்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தத் தட்டில் இருந்த 29 பொருள்கள் எந்த டப்பாவிலிருந்து வந்தவை என்பது இனி யாருக்கும் தெரியாது.

மீதி 32 கலங்களையும் மூடியோடு, சீட்டோடு, உள்ளே இருந்தபடியே படம் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு கலத்துக்கும் எண், அதில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் துணை எண். வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கும் ஆசை உள்ளுக்குள் இருந்தது; ஒத்த பற்களை வரிசையாக அடுக்கினால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு டப்பா என்பது அநேகமாக ஒரு நாள், ஓர் இடம். அதைக் குலைத்தால், பற்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே வெளிச்சாட்சியத்தைக் குலைத்ததாகிவிடும் என்று நினைத்துக் கலவாரியாகவே வைத்தேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் பின்னால் மாற்றத் தேவைப்படாதவை கொஞ்சமே. இது அவற்றில் ஒன்று.

எண்ணி முடித்தபோது 214 பொருள்கள்.

பல் எது, பல் அல்லாதது எது

214-இல் 47 பற்களே அல்ல. அவற்றில் 31 பெலம்நைட் துண்டுகள். பெலம்நைட் என்பது கணவாய்க்கு உறவான ஒரு பழங்கால உயிரின் உள்ளோட்டுப் பகுதி. சுருட்டுப் போல உருண்டு ஒரு முனை கூராக இருக்கும். உடைந்த நுனி மட்டும் கிடைத்தால் பல் என்றே தோன்றும். உடைந்த முகத்தைக் கைலென்ஸால் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: பெலம்நைட்டில் நடுவிலிருந்து சக்கர ஆரங்களைப் போலக் கால்சைட் ஊசிகள் கிளம்பும், ஒரு சொட்டு நீர்த்த அமிலம் பட்டால் நுரைக்கும். பல் வெளியே பளபளப்பான ஓடும் உள்ளே துளைகளுள்ள திசுவுமாக இருக்கும், அப்படி நுரைக்காது. ஜிப்சம் சீவல்கள் 9. காரைக் களிமண்ணில் ஜிப்சம் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, வெயிலில் மின்னும். நகத்தால் கீறினாலே கோடு விழும். மீதி ஏழும் சிப்பி உடைசல்.

இதைக் கேட்டு ஆசிரியர் வருந்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். “டைனோசர் முட்டை என்று ஊரே கூடிப் பார்த்தது கடைசியில் வெறும் உருண்டைக் கல் என்றார்களே, அதைவிட நான் பரவாயில்லை” என்றார்.

எதிர்த்திசையிலும் பிழை இருந்தது. “சிப்பி அச்சு – வேண்டாம்” என்று அவரே ஒதுக்கிய மாத்திரைப் புட்டியில், கறுத்துப் பளபளத்த, சதுர வாட்டமான ஒன்பது கட்டிகள் இருந்தன. மேல்முகத்தில் இணையிணையாக வரப்புகள். ஓரத்தில் அந்த வரப்புகள் சிதறி மணிமணியாக முடிகின்றன. கூர் என்பதே இல்லை. இவை டைகோடஸ் என்ற சுறாவின் பற்கள். ஓடுள்ள உயிர்களை அரைத்துத் தின்ன, அம்மிக்கல் போலத் தாடையில் பரவியிருந்தவை. காரைப் படிவத்திலிருந்து இந்தப் பேரினம் முன்பே பதிவாகியிருக்கிறது. சேகரிப்பிலேயே ஐயமில்லாமல் பெயர் சொல்ல முடிந்தது, பல்லே இல்லை என்று விலக்கப்பட்டிருந்த இந்த ஒன்பதைத்தான்.

வெள்ளை வெளேரென்று இருந்த ஆறு பற்கள் இக்காலச் சுறாவினுடையவை. நாகப்பட்டினத்துக்குப் போனபோது மீனவர் ஒருவர் கொடுத்தது என்று ஆசிரியருக்கு நினைவிருந்தது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த பல் சுற்றியுள்ள கனிமங்களை ஏற்று நிறம் மாறும். காரைப் பற்கள் இந்தச் சேகரிப்பில் தேன்நிறம் முதல் கருஞ்சாம்பல் வரை இருந்தன.

பதினான்கு பெயர்கள்

அடுத்த மூன்று வாரம் நான் செய்தது, வெளிப்படையாகச் சொன்னால், படம் பார்த்துப் பெயர் வைத்தது. ஒரு பல்லைக் கையில் எடுப்பேன். ஆய்வுக் கட்டுரைகளின் படத்தட்டுகளைப் புரட்டுவேன். எது ஒத்திருக்கிறதோ அதன் பெயரைப் பட்டியலில் எழுதுவேன். நிமிர்ந்த ஒல்லியான பல் ஒரு பெயர் பெற்றது. அகன்று ஒரு பக்கம் சாய்ந்தது இன்னொன்று. குட்டையாகப் படுத்தாற்போல இருந்தது மூன்றாவது. முடிவில் என் பட்டியலில் 14 இனங்கள் இருந்தன. பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பட்டியலை, சுறாப் பற்களில் பல்லாண்டு வேலை செய்த ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இந்தப் பதினான்கில் எத்தனை, ஒரே வாயின் வெவ்வேறு இடங்கள்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மீன் ஏலக்கூடத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, தடை செய்யப்படாத இனம்தான் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நடுத்தரச் சுறாவின் தாடையை வாங்கிவந்தேன். கொதிநீரில் போட்டுச் சதையை அகற்றினேன். வீட்டில் மூன்று நாள் வாடை போகவில்லை. சுறாப்புட்டுக்கு வாங்கியதாக அண்டை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். பல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசை மாறாமல் அட்டையில் ஒட்டினேன். முன்வரிசையில் நிமிர்ந்து ஒடுங்கியவை. பக்கவாட்டுக்குப் போகப் போக அகன்று, தாடையின் மூலையை நோக்கிச் சாய்ந்தவை. கடைசியில் பருக்கை அளவு குட்டைப் பற்கள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும்கூட ஒரே சாயல் இல்லை. அது காரைச் சுறாக்களுக்கு நெருங்கிய உறவல்ல என்றாலும், நான் பார்க்க வேண்டியது அதில் இருந்தது. என் பட்டியலில் நான் “இனம்” என்று பிரித்தது பல இடங்களில் வெறும் சாய்வைத்தான்.

இரண்டாம் சுற்றில் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் திசை: பல்லின் நாக்குப் பக்கம் புடைத்தும் உதட்டுப் பக்கம் தட்டையாகவும் இருக்கும், அதை நிச்சயித்த பிறகுதான் வேறு எதையும் பார்ப்பது. பிறகு, பல் வாயில் எங்கே இருந்திருக்கும் என்ற மதிப்பீடு. அதற்குப் பிறகே இடத்தைப் பொறுத்து அதிகம் மாறாத அடையாளங்கள். விளிம்பில் ரம்பம் உண்டா? முதன்மைக் கூரின் இருபுறமும் துணைக்கூர் உண்டா, இருந்தால் அகன்றதா ஊசியா? நாக்குப் பக்கத்தில் நெடுக்கு வரிகள் ஓடுகின்றனவா? வேரின் நடுவே ரத்தக்குழாய் நுழைந்த பள்ளம் நீளமாகக் கீறியிருக்கிறதா, வெறும் துளையாக நிற்கிறதா?

இப்படிப் பார்த்ததும் பதினான்கு ஐந்தாகச் சுருங்கியது. ரம்ப விளிம்பும், கூருக்குப் பின்னால் ஒரு வெட்டும் உள்ள 27 பற்கள் ஸ்குவாலிகோராக்ஸ் என்ற அழிந்துபோன சுறாவினுடையவை. வழவழப்பான முக்கோணமும் அகன்ற துணைக்கூர்களும் நீள்பள்ளம் இல்லாத வேரும் உள்ள 58 பற்கள் க்ரெடலாம்னா என்ற இன்னொரு பழஞ்சுறாவினுடையவை. நான் ஆறு இனங்களாக எழுதி வைத்திருந்தவை இவைதாம். ஒல்லியாக, வரியோடி, வேர்ப்பள்ளம் தெளிவாக இருந்த 21-ஐ மணல்சுறா வகையின் சாயல் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் இறங்கிப் பெயர் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. டைகோடஸ் நான்காவது. ஐந்தாவது, பெரிய பற்கள் நான்கு. அவற்றைப் பற்றிப் பின்னால்.

‘கா’ டப்பா

நோட்டுப் புத்தகத்தில் எஞ்சிய பக்கங்களில் “கா.ஓ.1”, “கா.ஓ.3” போன்ற குறிகள் வந்தன. ஒரு பக்கத்தில் “ஒற்றைப் பனைக்கு வடக்கே மூன்றாம் ஓடை” என்று விளக்கமும் இருந்தது. காரை ஓடை 3 என்று புரிந்துகொண்டேன், சரிதான். 17-ஆம் எண் கலம் ஒரு பெரிய பிஸ்கட் டின். அதன் மூடியில் “கா” என்ற ஒற்றை எழுத்து மட்டும். உள்ளே 19 பற்கள், இந்தச் சேகரிப்பிலேயே மிகப் பெரியவையும் அழகானவையும். கட்டைவிரலை விடப் பருத்த முக்கோணம், தடித்த வேர், இருபுறமும் முக்கோணத் துணைக்கூர். வடிவம் ஓடோடஸ் ஒப்ளிகஸ் என்ற பெருஞ்சுறாவைக் காட்டியது.

இங்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடோடஸ் ஒப்ளிகஸ் கிரிட்டேசியஸுக்குப் பிந்தைய பாலியோசீன், ஈயோசீன் காலங்களுக்குரியது. காரைக் களிமண் அதற்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அப்போதாவது நின்றிருக்கலாம். ஆனால் மனம் ஒரு சந்து கண்டுபிடித்தது: அரியலூர்ப் பக்கம் நின்னியூரில் பாலியோசீனின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்த படிவு இருக்கிறது, ஆசிரியர் அங்கிருந்து எடுத்ததைக் காரை டப்பாவில் மாற்றிப் போட்டிருக்கலாம், அப்படியானால் இது ஒரு புதுப் பதிவு. க்ரெடலாம்னாவின் கால்வழியில்தான் ஓடோடஸ் வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. உருவ ஒற்றுமையும் அதனால் உண்மையானதே, என் கற்பனை அல்ல. ஆய்வாளருக்கு இரவோடு இரவாக நீண்ட கடிதம் எழுதினேன்.

பதில் காலையில் வந்தது. “பல்லைப் பார்க்க வேண்டாம். வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பாருங்கள்.”

படிவுப் பாறை என் துறை என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த மண்ணை நான் ஒரு மாதமாகப் பார்க்கவே இல்லை. மற்ற டப்பாக்களில் வேர் இடுக்கில் இருந்தது பச்சை சாம்பல் களிமண், ஆங்காங்கே ஜிப்சம் துணுக்கு. இந்த டின்னில் இருந்தது வெளிர் மஞ்சள் மணல். லென்ஸின் கீழ் உருண்டை உருண்டையான பாஸ்பேட் மணிகள். காரையிலும் நின்னியூரிலும் நான் கையில் எடுத்துப் பார்த்த எந்த மண்ணோடும் அது சேரவில்லை. மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வந்து உலகெங்கும் கடைகளில் விற்கப்படும் ஓடோடஸ் பற்களில் ஒட்டியிருப்பது இத்தகைய மணல்தான்.

ஆசிரியரிடம் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். கையால் தடவிப் பார்த்தார். மூடியின் எழுத்தை மகள் படித்துச் சொன்னதும், “அது காரை இல்லையே. காட்சி. சென்னையில் ஒரு பொருட்காட்சியில் கடை போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டப் பெரிய பல்லாக வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கினேன்” என்றார். இதை அவரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். குறியை நானே விடுவித்துவிட்டதாக நினைத்ததால் கேட்கவில்லை.

அந்தப் பத்தொன்பதில் மூன்று ஒட்டுவேலை. கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் ஊதா விளக்கை இரவல் வாங்கி இருட்டறையில் காட்டியபோது, பல்லும் வேரும் சேரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சு அந்த இடத்தில் பிசுபிசுத்தது. உண்மையான பல்முனையின் கீழே, மணலையும் பசையையும் பிசைந்து செய்த வேர். உண்மை வேரில் தெரியும் நுண்துளைகள் அதில் இல்லை. காற்றுக் குமிழி இருந்தது.

அமிலம்

142 உள்ளூர்ப் பற்களில் 23-க்கு எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை. பல்முனை பளிச்சென்று இருந்தது. வேர் மட்டும் உப்பில் அரித்த சுவர் போல. நான் முதலில், ஓடையில் நெடுந்தூரம் உருண்டு தேய்ந்தவை என்று குறித்துக்கொண்டேன். ஆனால் உருண்டு தேய்ந்தால் கூர்முனை முதலில் மழுங்கும். இங்கே முனை ஊசியாக நின்றது. இந்த முறை கேட்டேன்.

“சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பள்ளி லேபில் ஆசிட் இருந்தது. நீர் கலந்து ஒரு மணி நேரம் போட்டால் பளபளவென்று வரும்” என்றார். பிறகு சற்று நிறுத்தி, “தப்பா?” என்றார்.

தப்புதான். அமிலம் சுண்ணாம்பை முதலில் கரைக்கும்; ஆனால் பல்லின் பாஸ்பேட்டையும் விடாது. முனையின் மேலோடு அடர்த்தியானது, தாங்கிக்கொள்ளும். வேர் துளைகள் நிறைந்தது. அமிலம் உள்ளே இறங்கி அரிக்கும். நமக்கு வேண்டிய பள்ளமும் துளையும் வேரில்தான் இருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் அமிலத்தால் பிரித்தெடுப்பது உண்டு. ஆனால் அதற்கு மென்மையான அமிலம், பாஸ்பேட்டைக் காக்கும் உப்புக் கலவை, மணிக்கணக்கில் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது தண்ணீர், பழைய பல்துலக்கி, மூங்கில் குச்சி, பொறுமை. களிமண்ணுக்கு அதுவே போதும்.

அவரிடம் நான் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. “வேர் கொஞ்சம் போய்விட்டது, ஐயா” என்றேன்.

பெரிய பற்கள் நான்கு

உள்ளூர்ப் பற்களில் நான்கு மட்டும் மற்றவற்றைவிட நன்றாகப் பெரியவை. வழவழ விளிம்பு, தடித்த முனை, பருத்த வேர். முதல் பட்டியலில் இவற்றுக்கு க்ரெடாக்சிரைனா என்று எழுதியிருந்தேன். உலகப் புகழ்பெற்ற கிரிட்டேசியஸ் பெருஞ்சுறா அது. பெரிய, வழவழப்பான பல் என்றதும் கை தானாக அந்தப் பெயரை எழுதிவிட்டது. ஆய்வாளர் வேறு பேரினத்தைச் சுட்டினார்: ட்வார்டியஸ். காரைப் படிவத்தின் பற்களை வைத்தே 2011-இல் ட்வார்டியஸ் சுட்இண்டிகஸ் என்று ஓர் இனம் விவரிக்கப்பட்டிருக்கிறது. பெயரிலேயே தென்னிந்தியா இருக்கிறது. உலகப் புகழ்பெற்றதைத் தேடிப் போனவன், அடுத்த ஊரில் பிறந்த பெயரைப் பார்க்காமல் விட்டிருந்தேன். ஓர் இடத்துப் பல்லை அடையாளம் காண்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்த இடத்தைப் பற்றிய கட்டுரையைத்தான். நான் அதைக் கடைசியில் படித்தேன்.

நான்கில் மூன்று முழுமையானவை. அவை எவர்சில்வர் தட்டில் கொட்டிய ஆறு டப்பாக்களில் இருந்தவை. எந்த ஓடை என்று தெரியாது. நான்காவதன் முனை உடைந்திருந்தது, வேரில் ஒரு பக்கம் இல்லை. ஆனால் அது தீப்பெட்டியில் “கா.ஓ.3” என்ற சீட்டோடு இருந்தது. ஆய்வாளர் ஆர்வம் காட்டியது அந்த உடைந்த பல்லில். மகளுக்கு இது விளங்கவில்லை. முழுப் பல்லை விட்டுவிட்டு உடைசலைக் கேட்கிறார்களே என்றார். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அதன் வயதையும், உடன் வாழ்ந்த உயிர்களையும் சொல்ல முடியும் என்று விளக்கினேன். முழுப் பற்கள் மூன்றும் காரைக் களிமண்ணைச் சேர்ந்தவை என்பது வேர் மண்ணிலிருந்து தெரியும். ஆனால் அந்தப் படிவம் பல மில்லியன் ஆண்டுகளின் படிவு.

மே மாதம் ஆசிரியரை காரில் அழைத்துக்கொண்டு காரைக்குப் போனோம். அவரால் இறங்கி நடக்க முடியாது. ஒற்றைப் பனை இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, கோயில் எந்தப் பக்கம், மின்கம்பி எந்தப் பக்கம் என்று அவர் கேட்டுக் கேட்டு, கையை நீட்டித் திசை சொன்னார். நான் நடந்து போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதோடு பொருந்தும் ஓடைகள் இரண்டு இருந்தன. முப்பது மழைக்காலம் அந்தக் களிமண்ணைச் சும்மா விட்டிருக்காது. இரண்டின் ஆயத்தொலைவுகளையும் குறித்து, “இரண்டில் ஒன்று” என்று பதிவேட்டில் எழுதினேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதியிருந்தால் பதிவேடு நேர்த்தியாக இருந்திருக்கும். பின்னால் வருபவர் அதை நம்பியும் இருப்பார். அன்று தரையில் கிடந்த எதையும் எடுத்துவரவில்லை. வந்த வேலை அதுவல்ல.

ஒப்படைப்பு

மகள் முதலில் கேட்டது எல்லாவற்றையும் பள்ளிக்குத் தர வேண்டும் என்பது. குடும்பத்தாரோடு இரண்டு முறை பேசியபின் இரண்டாகப் பிரித்தோம். உள்ளூர்ப் பற்கள் 142-உம், நோட்டுப் புத்தகமும், பழைய கலங்களும், அவற்றின் படங்களும் ஒரு கல்லூரியின் நிலவியல் அருங்காட்சியகத்துக்கு. பொருட்காட்சியில் வாங்கிய 19, இக்காலப் பற்கள் 6, பெலம்நைட்டும் ஜிப்சமும் சிப்பியும் பள்ளிக்கு. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் பொருளாக அவை இருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஒட்டுவேலைப் பற்கள் மூன்றையும் “கண்டுபிடி” என்ற சீட்டோடு வைக்கச் சொன்னவர் ஆசிரியரே.

பதிவேட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று பத்திகள் விட்டேன்: கண்ணால் கண்டது, அதிலிருந்து வைத்த பெயர், அந்தப் பெயரில் எவ்வளவு நம்பிக்கை. முதலில் வைத்துப் பின்னர் நீக்கிய பெயர்களையும் அழிக்கவில்லை. தேதியோடு குறுக்குக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ட்வார்டியஸ் நான்கும் “இருக்கலாம்” என்ற நிலையிலேயே போயிருக்கின்றன. ஆய்வாளர் நேரில் பார்க்க வருவதாக இருக்கிறார்.

இனி மாற்றிக்கொள்வது

அடுத்த முறை யாராவது இப்படி அழைத்தால் தொலைபேசியிலேயே சொல்ல வேண்டியது: திறக்காதீர்கள், கழுவாதீர்கள், கொட்டாதீர்கள். சேகரித்தவர் உயிரோடு இருக்கும்போது முதல் வாரத்தை அவரோடு உட்கார்ந்து கழிப்பேன்; கைபேசியில் குரலைப் பதிந்துகொண்டு, ஒவ்வொரு டப்பாவாகக் கையில் கொடுத்து, எழுதியிருப்பதை வாசித்துக் காட்டிக் கேட்பேன். கேட்டிருந்தால் ஒரு மாதமும் ஓர் அசட்டுக் கடிதமும் மிஞ்சியிருக்கும். ஒட்டியிருக்கும் மண்ணில் ஒரு சிட்டிகையைத் தனித்தாளில் மடித்து வைத்த பிறகே பல்லைச் சுத்தம் செய்வேன். பெயர் வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுவேன். இதில் மட்டும் எனக்கே என்மேல் முழு நம்பிக்கை இல்லை. பல்லைக் கையில் எடுத்ததுமே பெயர் நாக்கில் வந்து நிற்கிறது.

பெயர் வைக்க முடியாத இருபத்து மூன்றும் இரண்டு ஃபிலிம் டப்பிகளில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒப்படைக்கும் அன்று மூடிகளில் எழுத ஆசிரியர் பேனா கேட்டார். கோடு நேராக வரவில்லை. ஒன்றில் “ஆ” என்று எழுதிவிட்டு நிறுத்தினார். மகளிடம் கேட்டு, அதன் பக்கத்திலேயே மீதி எழுத்துகளையும் சேர்த்து “ஆசிட்” என்று முழுதாக எழுதினார்.